முறை வேறு, கடன் வேறு

சூலூர், சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் லேத் பட்டறைக்காரர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மார்ச் நெருங்கினால் பை பையாகத் தாள்கள் வந்து சேரும். நூல் வாங்கிய பில், கரண்ட் கட்டிய ரசீது, பேங்க் பாஸ்புக். கூடவே ஒரு பழைய டைரியும் வரும். அதில் ஏதோ ஒரு பக்கத்தில் "பெரியண்ணன் 2", "சின்ன மச்சான் 50", "அம்மிணி நகை" என்று கிறுக்கியிருக்கும். 2 என்றால் இரண்டு லட்சம், 50 என்றால் ஐம்பதாயிரம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அடுத்து நான் கேட்கிற கேள்விக்குத்தான் பதில் வராது.

"இது கடனுங்களா, தொழில்ல பங்குங்களா, இல்லே சும்மா ஒத்தாசைக்குக் குடுத்ததுங்களா?"

"அப்பிடியெல்லாம் பேசிக்கலீங்கக்கா. அண்ணன்கிட்டப் போயி அதையெல்லாம் எப்பிடிக் கேக்கறது?"

ஒரம்பரைக்குள், அதாவது சொந்தபந்தத்துக்குள், நடக்கும் பணத்தகராறுகளில் பெரும்பாலானவை இந்தப் பதிலில் பிறப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டு அக்காவிடம் பணம் வாங்குகிறவர் குறைவு. கொடுத்தவர் மனதில் அது கடன். வாங்கியவர் மனதில் அது உடன்பிறந்தவர் செய்த ஒத்தாசை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கொடுத்த அன்றைக்கு அது என்ன பணம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்து நினைவிலிருந்து அதை எடுக்கும்போது இரண்டு பேர் கையிலும் வேறு வேறு கதை இருக்கிறது.

இப்படி வாய்வார்த்தையில் பணம் புழங்கியதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஊர்த் தொழில்கள் எழுந்ததே அதனால்தான். தோட்டத்து மூலையில் ஓட்டுக் கொட்டகை போட்டு நான்கு தறி வைத்தவருக்கு எந்த பேங்கும் அன்று கடன் தரவில்லை. மாமனார் கொடுத்தார், மச்சான் கொடுத்தார், பெரியப்பன் மாட்டை விற்றுக் கொடுத்தார். திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த ஷரத் சாரி, 2004-ல் வெளிவந்த தன் நூலுக்கே 'சகோதர மூலதனம்' என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்தார். விவசாயக் குடும்பத்து ஆட்கள் சொந்தபந்தங்களோடு கூட்டுச் சேர்ந்து உழைத்து முதலாளிகளான கதை அது. கூட்டுச் சேர்ந்தது பற்றி ஊரே பெருமையாகப் பேசுகிறது. கூட்டுப் பிரிந்தது பற்றிப் பேச்சு வந்தால் குரல் தாழ்ந்துவிடுகிறது. நான் கணக்கு எழுதுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கட்டத்தில்.

ஒரு குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊரையும் ஆளையும் அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டேன்.

2005 வாக்கில் அண்ணன் பழைய தறிகள் எட்டு வாங்கினார். பணம் போதவில்லை. கட்டிக்கொடுத்த தங்கை தன் நகையில் 20 பவுனைக் கழற்றிக் கொடுத்தாள். வீட்டுக்காரருக்குத் தெரிந்துதான் கொடுத்தாள், ஆனால் மாமியாருக்குத் தெரியாது. அண்ணன் அதைத் தன் பேரில் அடகு வைத்தார். தறி ஓடியது, நகையைத் திருப்பினார், மறுபடி வைத்தார். ஒரு சமயம் நூல் விலை ஏறித் தறி நின்றபோது வட்டி கட்ட முடியாமல் நகை ஏலத்தில் போனது. தங்கையிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. இடையில் அவள் மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீராக அண்ணன் மூன்று பவுனில் சங்கிலியும், பட்டுப்புடவையும், தட்டு வரிசையும் குறைவில்லாமல் கொண்டுவந்து வைத்தார். ஊர் மெச்சியது.

அந்த மகளுக்குக் கல்யாணம் கூடியபோதுதான் தங்கை வாய் திறந்தாள். இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். அண்ணனின் தறிக்கணக்கு என்னிடம் இருந்ததால், நான் ஒரு தொகை சொன்னால் ஒத்துக்கொள்வதாகப் பேச்சு.

"அன்னிக்கு அடகு வெச்சு எங்கைக்கு வந்தது எழுவதாயிரமுங்கக்கா. அதுக்கு வட்டி போட்டு மூணு லட்சமாக் குடுத்தர்றேன். சீருக்குச் செஞ்சதைக் கழிச்சுக்க வேண்டாம், அது எம்பொறந்தவளுக்கு நாஞ் செஞ்சது."

தங்கை அழவில்லை, கத்தவும் இல்லை. "நான் ரூவா குடுக்கலீங்கக்கா. பவுன் குடுத்தேன்" என்றாள்.

2005-ல் ஒரு பவுன் ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 அக்டோபரில் அதுவே 90,000-ஐத் தாண்டியது. அண்ணன் கணக்கில் மூன்று லட்சம், தங்கை கணக்கில் 18 லட்சம். இடைப்பட்ட 15 லட்சம் முழுவதும் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது: திருப்பித் தருவது ரூபாயாகவா, எடையாகவா?

அண்ணியார் ஆத்திரத்தில் வேறொன்றைச் சொன்னார். "மாமன் சீரு, பொங்கச் சீரு, எழுதிங்கச் சீருன்னு இத்தனை வருசமா நாங்க செஞ்சதையெல்லாம் கூட்டிப் பாருங்க. நகை அதுலயே தீந்துபோச்சு." இந்த வாதத்தைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். கொங்கு நாட்டில் உடன்பிறந்தவன் உடன்பிறந்தவளுக்குச் செய்யும் சீர் ஆயுள் முழுக்க நீள்கிறது. கல்யாணத்தில் நடக்கும் இணைச்சீரில் அவளுக்குத் தனி இடம், எழுதிங்கள் அவளுக்கென்றே நடக்கும் சீர். எவ்வளவு, எப்போது என்பது முறைப்படி நடப்பது. கடன் அப்படியில்லை. அது ஒரு நாளில் பிறந்து ஒரு நாளில் தீர வேண்டியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வரவு செலவு எழுத ஆரம்பித்தால், சீர் சீராகவும் நிற்காது, கடன் கடனாகவும் தீராது. செய்தவர் ஏற்கனவே தீர்த்துவிட்டதாக நினைப்பார். வாங்கியவள், அன்பாகச் செய்ததற்கெல்லாம் இன்று விலை போடுகிறார்களே என்று நொந்துபோவாள். அந்த நோவு பணத்தால் ஆறுவதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் பேச வேண்டும் என்று தோன்றியதே அந்தத் தங்கையின் முகத்தைப் பார்த்த பிறகுதான்.

கடைசியில் சீரைக் கணக்கிலிருந்து முழுக்க எடுத்துவிட்டோம். 20 பவுனில் 14 பவுனை நகையாகவே நான்கு தவணையில் தருவது என்று பேசி எழுதினோம். மீதி ஆறைத் தங்கை விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்ததையும் எழுதச் சொன்னேன், பிறகு அதுவே ஒரு பேச்சாகிவிடக் கூடாது என்று.

சட்டம் அவள் பக்கம் எவ்வளவு தூரம் வரும்? பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை சீதனம். அது அவளுக்கு மட்டுமே உரியது, கணவன் கையில் இருந்தாலும் அவன் பொறுப்பாளன்தான், உடையவன் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சொன்னது. 2024-ல் மறுபடியும் அதையே உறுதி செய்தது. ஆனால் அண்ணனிடம் கொடுத்தாள் என்பதை யார் நிரூபிப்பது? அடகுச் சீட்டு அவர் பேரில் இருக்கிறது. சாட்சி அம்மா மட்டும், அம்மா இப்போது இல்லை.

இங்கே பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. எழுதாத ஒப்பந்தம் செல்லாது என்று. செல்லும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பொதுவாக எழுத்தைக் கேட்பதில்லை. இருவர் மனமொப்பிப் பேசி, கைமாறும் பொருளும் இருந்தால் வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. சிக்கல் செல்லுமா என்பதில் இல்லை, காட்ட முடியுமா என்பதில். அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. நெருங்கிய சொந்தத்துக்கு அன்பின் பேரில் மட்டும், பதிலுக்கு எதுவும் பெறாமல், ஒன்றைத் தருவதாகச் சொன்னால் அது எழுதிப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். "உனக்குக் கிழக்கால காட்டை எழுதி வெக்கறேன் கண்ணு" என்று பெரியப்பன் நூறு பேர் முன்னால் சொன்னாலும் அதை வைத்து வழக்குப் போட முடியாது.

குடும்பத்துக்குள் கொடுத்த வாக்கை நீதிமன்றம் கையில் எடுக்கலாமா என்று உலகம் முழுக்கச் சட்டம் படிப்பவர்கள் பேசும் வழக்கு ஒன்றில் நம் பக்கத்து இலங்கையும் வருகிறது. அங்கே நீர்ப்பாசனத் துறை இயக்குநராக இருந்த பால்ஃபர் என்ற ஆங்கிலேயர், உடல்நிலை காரணமாக இங்கிலாந்திலேயே தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாக 1916-ல் வாய்வார்த்தை சொன்னார். பிறகு பிணக்கு வந்து, பணத்துக்காக மனைவி வழக்குப் போட்டார். 1919-ல் வந்த தீர்ப்பு மனைவிக்குப் பாதகமானது. கணவன் மனைவிக்குள் பேசிக்கொள்வது நீதிமன்றம் வரை வரவேண்டும் என்ற எண்ணத்தோடு பேசப்படுவதில்லை என்றார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1970-ல், மெரிட் என்ற தம்பதியின் வழக்கு வந்தது. பிரிந்துபோன கணவனோடு காரில் உட்கார்ந்து பேசிய மனைவி, சொன்னதைத் தாளில் எழுதித் தராமல் காரைவிட்டு இறங்கமாட்டேன் என்று இருந்துவிட்டார். கணவன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மனைவி ஜெயித்தார், வீடு அவருக்குக் கிடைத்தது. பிரிந்து வாழ்ந்தவர்கள் என்பதும் தீர்ப்பில் முக்கியம்தான். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் அவர் எதைக் காட்டியிருப்பார்?

இனி மூன்று வருஷத்தைப் பற்றி. இதைத்தான் நான் எல்லாரிடமும் முதலில் சொல்கிறேன்.

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருஷம்தான் அவகாசம். திருப்பித் தரும் தேதி பேசாமல், "கேக்கும்போது குடு" என்று கொடுத்திருந்தால், அந்த மூன்று வருஷம் பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும், கேட்ட நாளிலிருந்து இல்லை. சொந்தக்காரர்களுக்கு இதைவிடப் பொல்லாத விதி கிடையாது. முதல் வருஷம் "இப்பத்தானே வாங்கினார்" என்று கேட்கமாட்டோம். இரண்டாம் வருஷம் அவர் வீட்டில் ஒரு கல்யாணம். மூன்றாம் வருஷம் மழை இல்லை, தறி ஓடவில்லை, கேட்டால் நன்றாக இருக்காது. நான்காம் வருஷம் துணிந்து கேட்கும்போது நியாயம் இருக்கும், வழக்கு இருக்காது. அயலாரிடம் கொடுத்த பணத்தை ஆறு மாதத்தில் போய்க் கேட்கிறோம். கூச்சத்தால் காலம் கடந்துபோவது ஒரம்பரைப் பணத்தில்தான்.

நகை விஷயம் கொஞ்சம் வேறு. திருப்பித் தரவேண்டிய பொருளாக ஒப்படைத்திருந்தால், கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்து மூன்று வருஷம் என்று வாதாட இடம் இருக்கிறது.

காலம் தீரும் முன்பே கடனைப் புதுப்பிக்க வழியும் சட்டத்திலேயே உண்டு. கடன் வாங்கியவர் "இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். ஒரு பகுதியைத் திருப்பித் தந்து, அதை அவர் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ கொடுத்தாலும் அப்படியே. காலம் முழுக்கத் தீர்ந்த பிறகு அவராக மனம் வந்து, பழைய கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அதுவும் செல்லும். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். வாட்ஸப்பில் "அடுத்த மாசம் குடுத்தர்றேன் மச்சான்" என்று வந்த செய்தியையும் ஆதாரமாக வைக்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டப்படி அதற்குரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். போனை மாற்றும்போது அதை அழித்துவிடாதீர்கள்.

பணம் போட்டவர்களைப் போல உழைப்பைப் போட்டவர்களும் வருகிறார்கள். அவர்கள் நிலைமைதான் எனக்கு அதிகம் மனசைப் பிசைகிறது. அண்ணன் பேரில் பட்டறை. தம்பி பத்தாவது முடித்த கையோடு லேத்தில் நின்றவன். சம்பளம் என்று எதுவும் கிடையாது. கைச்செலவுக்குக் கேட்டால் கொடுப்பார், தம்பி கல்யாணத்தை அண்ணன் எடுத்துச் செய்தார், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டினார். "பட்டறை நம்ம ரெண்டு பேருதுதான்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணன் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது.

தம்பி கூட்டாளி என்று நிரூபிக்க முடிந்தால், 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் இருக்கிறது. பங்கு விகிதம் பேசாமல் விட்டிருந்தால் லாபமும் நட்டமும் சரிசமம் என்கிறது அது. அதே சட்டம், தனியாகப் பேசியிருந்தாலொழிய கூட்டாளி தன் உழைப்புக்குச் சம்பளம் கேட்க முடியாது என்றும் சொல்கிறது. அதாவது பணம் போட்டுவிட்டு வீட்டில் இருந்தவருக்கும், விடிந்தது முதல் பொழுது சாய்கிற வரை மிஷினில் நின்றவருக்கும் ஒரே அளவு. உழைக்கிற கூட்டாளி இதைப் பேசாமல் தொழிலில் இறங்கவே கூடாது. கூட்டாளி என்று நிரூபிக்க முடியாவிட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு மிஞ்சுகிறது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு வேலையைச் செய்து, அதன் பலனை அவர் அனுபவித்திருந்தால் ஈடு தரவேண்டும். சட்டமும் கடைசியில் நான் கேட்கும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது: சும்மா செய்தாயா, கூலிக்குச் செய்தாயா? அண்ணனுக்காக உழைக்கும்போது எந்தத் தம்பி அதைச் சொல்லிவிட்டு உழைக்கிறான்?

அண்ணன் தம்பி தனித்தனியாகப் பட்டறை வைத்து ஒருவருக்கொருவர் ஜாப் ஒர்க் செய்வதாக இருந்தால் நிலைமை தேவலை. செய்து கொடுப்பவர் உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனம் என்றால், 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாத வேலைக்கு 15 நாளில் பணம் வந்தாக வேண்டும். எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. அண்ணன் மேல் புகார் போட வேண்டியதில்லை. "சட்டமே அப்படி இருக்குதுங்கண்ணா" என்று ஆரம்பத்திலேயே சொல்ல அது ஒரு வசதி.

எழுத்தில்லாத பேச்சின் கதியைச் சோமனூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு அறிவித்தார்கள். அது கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் கூலித்தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. சங்கத்தில் நின்று கையெழுத்துக் கேட்கிற அதே ஆள், வீட்டுக்கு வந்து மச்சானுக்கு இரண்டு லட்சத்தை மஞ்சப்பையில் போட்டுக் கொடுக்கிறார்.

பெண்களிடம் வாங்கும் கையெழுத்தைப் பற்றி நான் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அப்போது இல்லை. 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு அந்த விலக்கும் போனது. அதன் பிறகு, காடு விற்கும்போதும் சைட் போடும்போதும் அக்கா தங்கைகளை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். "காசு வந்ததும் உனக்குச் செய்ய வேண்டியதைச் செய்யறோம்" என்பது வாய்ப்பேச்சு. பத்திரத்தில் ரொக்கம் பெற்றுக்கொண்டதாக அச்சாகியிருக்கும். பிறகு பணம் வரவில்லை என்றால், வாங்கவே இல்லை என்று நிரூபிக்கிற பாரம் கையெழுத்துப் போட்டவள் தலையில். அவள் கேட்டால் "பொறந்த ஊட்டுக்கு வர்ற வழிய அடைச்சுக்காதே" என்கிறார்கள். பங்கை விட்டுக்கொடுப்பது அவள் இஷ்டம். பணம் வரும் என்றால் அது பேங்க் கணக்குக்கு வந்த பிறகு கையெழுத்து. அவ்வளவு வேகமாகப் பத்திரம் வேண்டுமென்றால், அவ்வளவு வேகமாகப் பணமும் வரலாம்.

ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலை எழுதியது 1942-ல். தாராபுரத்தை அடுத்த கீரனூர்க்காரர் அவர். கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் தன் பங்கைக் கேட்கிறாள், அது சாவில் போய் முடிகிறது. பொன்னர் சங்கர் கதையிலும் பங்காளிப் பகைதான். இந்த மண்ணுக்குப் பங்குச் சண்டை புதிதில்லை.

பங்காளி மேல் நம்பிக்கை வைத்து நிலம் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு, "நான் பணம் அனுப்பறேன், உம்பேர்ல வாங்கிப் போடு, அப்பறம் மாத்திக்கலாம்" என்று அண்ணன் தம்பிக்குள் பேசுவது உண்டு. 2016-ல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டத்தில், மனைவி அல்லது பிள்ளை பேரில் தன் கணக்கில் காட்டிய பணத்தில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. உடன்பிறந்தவர் என்றால், ஏதாவது ஒரு ஆவணத்திலாவது இரண்டு பேர் பெயரும் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். தனியாக அவர் பேரில் வாங்கிவிட்டால், "பணம் என்னுது" என்று பிறகு நீதிமன்றத்தில் சொத்தைக் கேட்கவே முடியாது.

ஈட்டுக்கு வாங்கும் தாள்களிலும் ஆபத்து உண்டு. தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும், இல்லை என்று காட்டும் பொறுப்பு கொடுத்தவருக்கு என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒத்தாசைக்கு என்று மாப்பிள்ளையிடம் வெறும் செக் வாங்கி பீரோவில் வைப்பதும், கொடுப்பதும் இரண்டுமே வேண்டாம். புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாமல் விட்டால், பிறகு அபராதம் கட்டிக்கூட அதை ஆதாரமாக்க முடியாது. ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கைமாத்து வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அதே அளவு அபராதம் வாங்கியவருக்கு வரலாம். இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே, வரி கட்டும் வருமானம் இல்லை என்றால் விலக்கு உண்டு. ரொக்கமாகக் கொடுத்ததால் கடனே இல்லையென்று ஆகிவிடாது என்பதை 2025-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் ஜிபேயிலோ பேங்கிலோ அனுப்பி, குறிப்பில் "கைமாத்து" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிகிறது.

என்னிடம் வருகிறவர்களை நான் எழுதச் சொல்வது ஒரு பக்கம் கூட வராது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், என்று, எந்த வழியில். அது கடனா, பங்கா, கூலியா. கடன் என்றால் வட்டி உண்டா இல்லையா, எந்தத் தேதிக்குள். நகை என்றால் எத்தனை கிராம், திருப்புவது நகையாகவா ரூபாயாகவா, ஏலம் போனால் யார் பொறுப்பு. சீர் செனத்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கடைசியாக, இரண்டு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் யாரிடம் தரவேண்டும். இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது "அப்பிடியெல்லாம் சொல்லாதீங்கக்கா" என்பார்கள். கொரோனா காலத்தில் எத்தனை டைரிகள் எழுதியவர் இல்லாமல் என் மேஜைக்கு வந்தன என்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த விதவைகளுக்கு "பெரியண்ணன் 2" என்பது வரவா செலவா என்று கூடத் தெரியவில்லை. அதனால் அந்த வரியை விடமாட்டேன். இரண்டு பேர் கையெழுத்து, தேதி, வெளியாள் இருவர் சாட்சி. இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி.

கேட்பதற்குக் கூசுகிறவர்களுக்கு நான் சொல்வது, கொடுக்கிற அன்றைக்குக் கேளுங்கள். அன்றைக்கு இருவருக்கும் மனம் இனிப்பாக இருக்கும். "கணக்கக்கா கேப்பாங்க, எழுதிக் குடுத்தர்லாம் மாமா" என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

ஏற்கனவே சண்டையாகிவிட்டவர்கள் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. கொடுத்த கடனை வசூலித்துத் தருவது போலீஸ் வேலை இல்லை. அங்கே அதட்டி எழுதி வாங்கியது பிறகு நிற்பதும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதை நான் மதிக்கிறேன், பல குடும்பங்களை அவர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் ஆண்கள் மட்டும் உட்கார்கிறார்கள். பேசி முடித்ததைத் தாளில் ஏற்றாமலே எழுந்துவிடுகிறார்கள். சிவில் வழக்கு என்றால் நீதிமன்றக் கட்டணம் 2017 முதல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் வருஷக்கணக்கில் இழுக்கும்.

சொந்தக்காரர்களுக்குப் பொருத்தமான இடம் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றம். வழக்குப் போடுவதற்கு முன்பே மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. ஏற்கனவே நடக்கும் வழக்கை அங்கே முடித்துக்கொண்டால் கட்டிய கட்டணம் திரும்ப வரும். கோவையில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது டைரி, பாஸ்புக், அடகுச் சீட்டின் நகல், வாட்ஸப் செய்திகள் இருக்கும் போன் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மூன்று வருஷம் முடிய எத்தனை நாள் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி அந்தக் கட்டின் மேலேயே வையுங்கள். வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.